விட்டுப்போன பெயர்

காப்பிப் பழங்களைத் தண்ணீரில் கொட்டி, மேலே மிதந்த சொத்தைகளை மிதோ அரித்தெடுத்துக்கொண்டிருந்தபோது கொழுந்தனின் பிக்கப் வண்டி மேடேறி வந்தது. புது வண்டி. அதிலிருந்து ஓரகத்தி மியே இறங்கினாள். தலையில், அவர்கள் ஆக்கா மலைக்குடிப் பெண்கள் போடும், வெள்ளிக் காசும் மணியும் தைத்த தொப்பி. மிதோவுக்கு வயிறு பற்றிக்கொண்டது.

பற்றாதா பின்னே? மிதோ கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொப்பியோடுதான் களை பறித்தாள், விறகு சுமந்தாள், மலையிறங்கிச் சந்தைக்குப் போனால் கேலியும் கேட்டாள். மியேயோ புருஷன் ஜூபோவோடு சியாங் ராய் டவுனுக்குப் போன கையோடு தொப்பியைக் கழற்றிவிட்டு, தாய்லாந்துக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டாள். சர்ச்சில் சேர்ந்ததும் வீட்டிலிருந்த முன்னோர் பீடத்தைப் பிரித்துக் காட்டில் விட்டார்கள். ஒருமுறை மே சான் சந்தையில் மிதோ ஆசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, "யாரோ மலைக்காரி, ஆள் தெரியாம கூப்பிடுறா" என்று பக்கத்திலிருந்தவளிடம் தாய்லாந்து மொழியில் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அந்த அளவு தாய்லாந்து மொழி மிதோவுக்குப் புரியும்.

இப்போது காலம் மாறி, ஆக்கா என்றால் மவுசு. மியே தொப்பியோடு படமெடுத்துக் காப்பிப் பொட்டலத்தில் போட்டு விற்கிறாள். வெயிலிலும் மழையிலும் சுமந்தவளுக்குக் கேலி, நேற்று எடுத்து மாட்டியவளுக்கு வண்டி. மிதோ சோறு தின்னும்போதும் அதையே நினைத்தாள்.

ஜூபோ படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து பிழைத்தவன்.

"அண்ணி, இந்தப் புத்தாண்டுக்கு எங்க வீட்டுல மறுபடி பீடம் வைக்கணும். அண்ணன் வீட்டுப் பீடத்துலேருந்துதான் பிரிச்சுக் குடுக்கணும். அது இல்லாம நான் போய்ட்டா அப்பாகிட்ட எப்படிப் போய்ச் சேருவேன்?"

மிதோவின் புருஷன் ஜூசா வாயைத் திறக்குமுன் அவளே பதில் சொன்னாள். "குடுக்கலாம். ஆனா மொத முன்னோர்லேருந்து உங்க பேரு வரைக்கும் வம்ச வரிசைய ஊருக்கு முன்னாடி சொல்லணும். ஒரு பேரு தப்பினாலும் குடுக்க மாட்டேன். ஆக்காவா இருந்தா சொல்லத் தெரியும்ல?"

அவனால் சொல்ல முடியாது என்று அவள் நம்பினாள். அதற்காகத்தான் கேட்டாள். குலத்தின் பெயரால் கேட்டதால் யாரும் குறை சொல்லவும் முடியாது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். ஊர்ப் பூசாரி அரிசிச் சாராயக் கிண்ணத்தோடு நடுவில் உட்கார்ந்தார். ஜூபோ கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். தகப்பன் பெயரின் கடைசி எழுத்து மகன் பெயரின் முதல் எழுத்து. சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டே போகும். அறுபது பெயருக்கு மேல் அவன் வழுக்காமல் வந்தான்; மிதோ ஒரு தப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"...சேமோ, மோபே, தூலே, லேஜூ, ஜூபோ."

"நில்லுங்க," என்றாள் மிதோ. "மோபேக்கு அப்புறம் பேதூ. அவர விட்டுட்டீங்க. மாமனார் சாவுல பூசாரி வரிசை சொன்னப்ப நான் காதால கேட்டேன்."

ஜூபோ முகம் வெளுத்தது. மியே தலையைக் குனிந்துகொண்டாள். மிதோவுக்கு அப்போது இருந்த சந்தோஷம் புத்தாண்டுக்குக்கூட வந்ததில்லை.

பூசாரி ஜூசாவைப் பார்த்தார். "மூத்தவன் நீ. சரியாச் சொல்லிக் காட்டு."

ஜூசா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். வீட்டில் அவன் வாய்விட்டுச் சொல்லி மிதோ கேட்டதில்லை. கடைசியில் வந்து, "சேமோ, மோபே, தூலே, லேஜூ, ஜூசா" என்று முடித்தான்.

அதே இடம். அதே பெயரை அவனும் விட்டிருந்தான்.

"உங்கப்பன் லேஜூ சாராயம் போட்டுட்டுத்தான்டா உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பான்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வீடு சிரித்தது.

பூசாரி சிரிக்கவில்லை. "ஒரே அப்பன் வாயிலேருந்து வந்த தப்பு. இத டவுன்ல யாரு கத்துக்குடுப்பா? இவனும் இந்த வீட்டுலதான் கத்துக்கிட்டான். சரி மிதோ, ஒரு பேரு தப்பினவன் ஆக்கா இல்லன்னா உன் புருஷனும் ஆக்கா இல்ல. இந்த வீட்டுப் பீடத்தையும் காட்டுல போட்டுரலாமா?"

மிதோ பீடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மியே மெல்ல. "சந்தையில அன்னிக்கு என் பக்கத்துல நின்னது மொதலாளியம்மா. மலைக்காரின்னு தெரிஞ்சா வேலைலேருந்து தூக்கிருப்பாங்க. ராத்திரி முழுக்க அழுதேன். வந்து சொல்ல மூஞ்சி இல்ல."

மிதோ எழுந்து பீடத்தருகே போனாள். அதிலிருந்த நெற்கதிரில் பாதியையும் ஒரு கிண்ணத்தையும் பிரித்தெடுத்து ஜூபோவின் கையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"இவரு ஆக்காவான்னு எனக்கு ஒருநாளும் சந்தேகம் வரல. இவ வண்டி, இவ படம், அதான் எனக்குப் பொறுக்கல. பொறாமைன்னு சொல்ல வெக்கப்பட்டு குலம்னு சொன்னேன். பேர மாத்துனாலும் சாமிய மாத்துனாலும் பொறப்பு போயிடாது. யாரு நம்மாளுன்னு அளக்க வயித்தெரிச்சலக் கையில எடுத்தா, கடைசில நம்ம வீட்டு ஆளே மிஞ்சமாட்டான்."