மடுகரை தடம், மூன்றாம் பதிப்பு

உலகப் போக்குவரத்து வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய அறிவிப்பு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, வில்லியனூரில் ஒரு மாடி வீட்டு முன்னறையிலிருந்து வெளியானது: மழை பெய்தால் இனி இடப்பக்க வைப்பர் மட்டுமே ஆடும், டிரைவர் பக்கத்து வைப்பர், நிஜ பஸ்ஸில் உள்ளபடியே, செத்துக் கிடக்கும்.

அறிவித்தவர் சிங்காரவேலு. வயது நாற்பத்தேழு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கோ வெளிநாட்டுக்காரன் செய்த பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் தங்கள் ஊர் பஸ்ஸையும் ரோட்டையும் செய்து நுழைக்கிறவர்களுக்கு மாடர்கள் என்று பெயர். சிங்காரவேலு செய்தது வில்லியனூர் வழியாக மடுகரை போகும் பஸ். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் சங்கம் உண்டு. இருநூற்றுப் பதினான்கு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. சங்கத்துக்குள் 'நிஜத்தன்மைக் குழு' என்று ஒன்று. அதன் தலைவர் புகழ்வேந்தனுக்குப் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும்.

தலைவர் பதினொன்றரைக்குப் போன் செய்தார்.

"அண்ணே, வைப்பர் சூப்பர். கண்ணாடியில தொங்கற எலுமிச்சம்பழம்கூட ஆடுது. ஆனா கரியமாணிக்கம் ஸ்டாப்புல ஒரு பொம்பள குரல் வருதே, இன்னாண்ணே அது?"

"எஞ்சின் சவுண்டு நிஜ பஸ்ல புடிச்சது. அதோட வந்திடுச்சிப்பா."

"கட் பண்ணிடுங்க. நிஜத்தன்மை அடிபடுது."

"நிஜமாத்தான்பா கேட்டாங்க."

"யாரு?"

சிங்காரவேலு மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினார். "யாரோ பாஸஞ்சர்."

சாயங்காலத்துக்குள் குரல் போகாவிட்டால் குழுவின் முத்திரை கிடையாது என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிப் போனை வைத்தார். அந்த முத்திரைக்காகத்தான் சிங்காரவேலு இரண்டு வருஷமாக வழியிலுள்ள ஏம்பலத்து வேகத்தடைகளை நடந்து போய் எண்ணியதெல்லாம்.

அந்தப் பாஸஞ்சர் அவர் மனைவி ஜெயசுதா. தை மாதம், கரியமாணிக்கத்தில் அவள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. இருவரும் சேர்ந்துதான் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அவள் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் கைக்குட்டையில் சுற்றிய போனை எஞ்சின் பக்கம் நீட்டியபடி, அவள் வாய் திறந்தபோதெல்லாம் முகம் சுளித்தார். ஸ்டாப் வந்தது. சீர்த்தட்டோடு படியில் நின்று அவள் கேட்டாள்: "நீ எறங்கலியா?" கரியமாணிக்கத்துக்கு அப்பால் ரோடு காலி, மூன்றாவது கியர் சத்தம் சுத்தமாகக் கிடைக்கும். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். மடுகரை போய் அதே பஸ்ஸில் திரும்பும்போதும் கரியமாணிக்கம் வரத்தான் செய்தது. ரிட்டர்ன் சவுண்டும் தேவைப்பட்டது.

எட்டு மாதமாக அவள் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். இவர் போன் செய்தால் எடுக்கிறாள். "இன்னா, ரெக்கார்டிங்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள்.

கட் பண்ண உட்கார்ந்தார். இரண்டு வினாடி சத்தம்தான். வெட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தார். கரியமாணிக்கத்தில் பஸ் நின்றது, கதவு திறந்தது, மூடியது. அந்த ஊரில் யாருமே இல்லாத மாதிரி இருந்தது. வெட்டியதை எடுத்துப் பழையபடி ஒட்டினார். முத்திரை வேண்டாம் என்று சங்கத்துக்கு எழுதிப் போட்டார். மற்ற இருநூற்றுப் பதின்மூன்று பேரில் ஒருவர் கட்டைவிரல் காட்டினார். அவரும் கை தவறிக் காட்டியதாகச் சொல்லி உடனே எடுத்துவிட்டார்.

அப்போது இந்தோனேசியாவில் இந்தப் பஸ்ஸை ஓட்டிப் பார்த்த யாரோ ஒருவரிடமிருந்து, இயந்திரம் பெயர்த்த தமிழில், ஒரு கேள்வி வந்தது: "ஐயா, அந்தப் பெண்மணி என்ன வினவுகிறார்?"

சிங்காரவேலு அர்த்தத்தை எழுதினார்.

"நன்று. நான் இறங்க விரும்புகிறேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்?"

ஜன்னலுக்கு வெளியே பன்னிரண்டே கால் மடுகரை பஸ் வந்து நின்றது. டிரைவர் பக்கத்து வைப்பர் செத்துக் கிடந்தது. அரை மணி நேரத்தில் கரியமாணிக்கம் போய்விடும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விசில் சத்தம் கேட்டது, பஸ் போனது. பிறகு, விளையாட்டுக்காரன் கொடுத்திருந்த ஐம்பத்திரண்டு பட்டன்களின் பட்டியலைத் திறந்து, ஹார்னிலிருந்து கதவு வரை, மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார்.

அந்த விளையாட்டில் டிரைவர் இறங்குவதற்குப் பட்டன் கிடையாது.