அசரியாவுக்குப் போட்ட மாலை

ஒருவர் வாயை அடைக்க வேண்டுமானால் எங்கள் சித்தூரில் அவரை மிரட்டமாட்டார்கள். மாலை போட்டுவிடுவார்கள். மாலை வாங்கிக்கொண்ட கையோடு, போட்டவரையே கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று எங்களுக்கு ஒரு எண்ணம். பேட்டை முன்னேற்றச் சங்கத் தலைவர் நாகபூஷணம் அந்த எண்ணத்தை நம்பியே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவரைத் தூங்கவிடாத ஒரே ஆள் என் பக்கத்து வீட்டு அசரியா. ரேணிகுண்டா ரயில் லைனில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் தெருப் பொதுக்கிணற்றின் கைப்பிடிச் சுவர் போன மழையில் சரிந்துவிட்டது. தண்ணீர் சேந்தும் பெண்களுக்குக் கால் சறுக்கினால் நேரே கிணற்றுக்குள்தான். எங்கள் தெருச் செல்லியம்மா ஒருநாள் அப்படிச் சறுக்கி, கயிற்றைப் பிடித்துத் தொங்கித்தான் பிழைத்தாள். அன்று முதல் எந்தக் கூட்டமானாலும், வெள்ளைக்கார ராஜாவின் வெள்ளி விழாவுக்குத் தோரணம் கட்டுகிற கூட்டமானாலும், அசரியா எழுந்து நின்று ஒரே கேள்வி கேட்பார்:

"கெணத்துக்குச் சுவரு எப்போங்க?"

நாகபூஷணம் யோசித்தார். அந்த வருஷத்தின் சிறந்த பொதுத் தொண்டர் அசரியாதான் என்று அறிவித்துவிட்டார்.

அசரியாவுக்குச் சூது புரியாமல் இல்லை. ஆனால் ஆயுசெல்லாம் பச்சைக் கொடி காட்டி அடுத்தவர்களை ஊருக்கு அனுப்பிய மனுஷன். அவருக்கென்று யாரும் ஒரு பூவைக்கூடக் கொடுத்ததில்லை. ஆசை வந்துவிட்டது. பழைய கோட்டுக்குப் பொத்தான் தைக்கச் சொல்லி மனைவி கிருபாபாயின் உயிரை வாங்கினார்.

"மாலயும் வாங்கிக்கினு கேள்வியும் கேப்பீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"கேக்காம வுடுவேனா?" என்றார் இவர்.

கண்ணாடி முன்னால் அவர் நன்றியுரை பழகியது என் வீடு வரை கேட்டது. கேள்வி அதில் கடைசியில்தான் வந்தது. எனக்கு அப்போதே சந்தேகம்.

விழாவுக்குத் திருப்பதியிலிருந்து மாலைகள் வந்திறங்கின. அசரியாவுக்கு ஒன்று, அழைத்திருந்த பெரிய மனிதர்களுக்குச் சில. பெரிய மனிதர்கள் யாரும் வரவில்லை. மாலைகள் தட்டிலேயே கிடந்தன.

"மன... நம்ம அசரியா காரு மாதிரி ஒருத்தர் இந்த ஜில்லாவிலேயே இல்லை" என்று தெலுங்கு கலந்து சொல்லி நாகபூஷணம் மாலையைப் போட்டார். அது தாடை வரை ஏறி நின்றது. அசரியா பேச எழுந்தார். சங்கத்துக்கு நன்றி என்றார். பந்தல்காரருக்கு நன்றி என்றார். பூக்கட்டினவருக்கும் நன்றி என்றார். அப்புறம் மாலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கேள்வியைக் காணோம். கீழே பாயில் உட்கார்ந்திருந்த செல்லியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதை அசரியாவும் பார்த்துவிட்டார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

நாகபூஷணத்துக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மகாருவும் ரெண்டு வார்த்தை பேசலாமே" என்று கிருபாபாயைக் கூப்பிட்டார். அங்கேதான் கெட்டார்.

"எங்க வூட்டுக்காரரு கழுத்துல மால கீது, அவரால கேக்க முடியாது" என்றாள் கிருபாபாய். "எனக்கு யாரும் போடல. கெணத்துக்குச் சுவரு எப்போங்க?"

"அம்மகாருக்கு ஒரு மாலை!" என்று கூவினார் நாகபூஷணம். பெண்பிள்ளை கழுத்தில் போட முடியாதே, கையில் கொடுத்தார். அவள் உட்காருவதற்குள் பாயிலிருந்து வரலட்சுமி எழுந்தாள்.

"சுவரு எப்போங்க?"

அவளுக்கும் ஒரு மாலை. அடுத்து அவள் பக்கத்திலிருந்த கிருஷ்ணம்மா எழுந்தாள். தட்டில் மிச்சமிருந்தது அவளுக்குப் போயிற்று. பிறகு செல்லியம்மா எழுந்து நின்றாள்.

தட்டு காலி. நாகபூஷணம் அங்குமிங்கும் பார்த்தார். கடைசியில் அசரியாவின் கழுத்தைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

அசரியா மாலையைத் தடவிப் பார்த்தார். எவ்வளவு ஆசைப்பட்ட மாலை! எனக்கே பாவமாக இருந்தது. மெல்லக் கழற்றினார். மேடையிலிருந்து இறங்கி வந்து செல்லியம்மா கையில் கொடுத்தார். அவள் பக்கத்திலேயே நின்று மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்போ என் கழுத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றார். "கெணத்துக்குச் சுவரு எப்போ?"

பந்தலில் ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை. நாகபூஷணம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சோமவாரம்... திங்கக்கிழமை கொத்தனார் வந்துடுவான்."

"எந்தத் திங்கக்கிழமைங்க?" என்றார் அசரியா.