கொதிக்கும் ஊரில் ஒரு கோபமான முகம்

"கொஞ்சம் கோபமா இருங்க ஐயா, ரெண்டே செகண்டு" என்று மீன்காரரைக் கெஞ்சிக்கொண்டிருந்தான் ஸ்டமாடிஸ். கண்ணில் கேமரா, கழுத்தில் வியர்வை.

மீன்காரர் பாவம், முயன்றார். புருவத்தை நெரித்தார். மூக்கை விடைத்தார்.

"மாமியார் ஒரு மாசம் தங்க வராங்கன்னு நெனச்சுக்கோ" என்று பக்கத்துச் சாராயக் கடை மேசையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுத்தார். மீன்காரர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். படம் பாழ்.

மணி ஒன்று பத்து. இரண்டுக்குள் படம் ஏதென்ஸ் போயாக வேண்டும். 'கொதிக்கிறது வோலோஸ்' என்று இந்தத் துறைமுக ஊருக்குத் தலைப்பு வைத்து, பத்திரிகையின் முதல் பக்கத்தில் இடம் விட்டுக் காத்திருந்தார் ஆசிரியர் அரிஸ்டிடிஸ். துறைமுகக் கரையில் இருந்த பெஞ்சுகளைப் பெயின்ட் அடிக்கக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம், ஊரே எரிமலையாகிவிட்டதாம். எழுதி அனுப்பியவள் உள்ளூர் நிருபர் எவந்தியா.

போன வாரம் 'சோகத்தில் மூழ்கிய கிராமம்' செய்திக்கு ஸ்டமாடிஸ் அனுப்பிய படத்தின் ஓரத்தில் ஒருவர் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைக்கு வராதே. கல்யாண வீட்டுல போய் படம் எடுத்துக்கோ" என்றார் ஆசிரியர். சும்மா சொல்கிற ஆள் இல்லை.

ஆனால் மதிய நேரத்தில் வோலோஸில் போய்க் கோபத்தைத் தேடினால்? கரை நெடுக சிப்புரோக் கடைகள். சின்னச் சின்னப் புட்டிகளில் சாராயம், புட்டிக்கொரு தட்டு. வறுத்த இறால், சுட்ட கணவாய். நாலாவது புட்டியில் மிதக்கிற மனுஷனுக்குக் கோபம் எங்கிருந்து வரும்?

"பெஞ்சைத் தூக்கிட்டாங்களா?" என்றாள் ஒரு கடைக்காரம்மா. "நல்லதாப் போச்சு. அதுல உக்காந்தவன் ஒருத்தனும் என் கடைக்குள்ள கால் வெச்சதில்ல. நீ உக்காரு தம்பி, இறால் சூடா இருக்கு."

ஸ்டமாடிஸ் திரும்பினான். எவந்தியா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவனிடம் நாலு வார்த்தைகூடப் பேசவில்லை; ஏனென்று அவனுக்குப் புரியவில்லை.

"கொந்தளிப்புன்னு எழுதினியே, யாரு கொந்தளிச்சாங்க? ஒரே ஒரு ஆளைக் காட்டு."

"தேடு. கேமரா உங்கிட்டதானே இருக்கு."

"நீ எத்தனை பேரைக் கேட்டே எவந்தியா?"

"நேத்து நம்ம ஆசிரியர் 'மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர்'னு எழுதினாரே, அவர் எத்தனை பேர் மூக்குல விரல் வெச்சுப் பாத்தாரு?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று கரையின் விளிம்புக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினான். மணி ஒன்று ஐம்பது. வேலை போச்சு என்று நினைத்தபடி நிமிர்ந்தவன் அப்படியே நின்றான்.

பெஞ்சு இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள். அவற்றை முறைத்துக்கொண்டிருந்தாள் எவந்தியா. கடல்காற்றில் முடி பறக்க, இறுகிய தாடையோடு, ஒரு மந்திரிசபையையே கவிழ்க்கிற முகம்.

க்ளிக்.

படம் பறந்தது. ஆசிரியருக்கு எவந்தியாவின் குரல்தான் தெரியும், முகம் தெரியாது. மூன்றே நிமிடத்தில் போன் அலறியது.

"இதுதான்யா வோலோஸ்! பிழைச்சே, போ. யாரு அந்தப் பொண்ணு? அப்படி என்ன கோபமாம்? கேட்டு ரெண்டு வரி அனுப்பு."

ஸ்டமாடிஸ் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். "படத்துல நீதான். என்ன கோபம்னு கேக்கறாரு."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு இங்க வரேன்னு ஒருத்தன் சொன்னான்" என்றாள் அவள், கடலைப் பார்த்தபடி. "கிளம்பிட்டேன்னு போன் வேற பண்ணான். அப்புறம் மறந்தே போயிட்டான். ஒன்பது மணி வரைக்கும் நின்னேன். உக்கார ஒரு பெஞ்சுகூட இல்ல. வீட்டுக்குப் போனதும் செய்தி எழுதினேன்."

"அடப்பாவி, எவன் அவன்? பேரைச் சொல்லு, அதையும் சேத்து அனுப்பறேன்."

எவந்தியா முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"ஸ்டமாடிஸ்" என்றாள்.