ராசம்மாள் நிமிர்த்தி வைத்த கார்

முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவனுக்கு இரண்டு கிலோ காரை ஓட்ட வராதா என்று நினைத்துத்தான் எங்கள் திருக்காட்டுப்பள்ளி ரிமோட் கார் கிளப்பில் சேர்ந்தேன். வரவில்லை. பஸ்ஸில் நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். இதில் நான் வெளியே நிற்கிறேன், கார் மட்டும் போகிறது. என்னைவிட்டுப் போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்து வரும்போதுதான் தகராறு. எதிரே வருகிற காருக்கு வலது என்பது எனக்கு இடது. நான் வலதில் ஒடித்தால் அது இடதில் போய் வரப்பேறி மல்லாந்துவிடும். ஒரு தடவை அப்படி ஏறிய வேகத்தில் தென்னை மரத்தில் குலை உயரம் போய், இரண்டு இளநீரைத் தள்ளிவிட்டு இறங்கியது. இளநீரை ரேஸ் நடத்துகிறவர்கள் குடித்தார்கள். புள்ளி மட்டும் தரவில்லை.

ட்ராக் இருப்பது என் வீட்டுக்காரி ராசம்மாளின் மூன்று மா நிலத்தில், ஏக்கர் கணக்கில் ஒன்று. பட்டா அவள் பேரில். போன குறுவைக்குத் தண்ணீர் வராமல் தரிசாகக் கிடந்தபோது, கிளப்காரர்கள் மண்ணை அணைத்து வளைவும் மேடும் போட்டுக்கொண்டார்கள். ஒரு ஓரத்தில் டிராக்டர் டிரெய்லர் நிற்கும். அதன்மேல் வரிசையாக நின்று ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவோம். ரிட்டையர் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் என்னை நாலு பேர் எதிர்பார்த்திருக்கிற இடம் அது ஒன்றுதான். நான் எப்படித் தோற்கப்போகிறேன் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். இருந்தாலும் எதிர்பார்ப்பு எதிர்பார்ப்புதானே.

இந்த வருஷம் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் விதைநெல்லை ஊறப் போட்டுவிட்டு ராசம்மாள் என்னிடம் வந்தாள்.

"ஏங்க, திங்கக்கெழம அந்த எடத்துல நாத்து விடணும். ஒங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க."

"நாளைக்கு ஃபைனல் இருக்கு. அடுத்த வருஷமும் ரேஸ் இருக்கு. ட்ராக்கை அழிச்சா அப்பறம் எங்க போறது?"

"ஊரெல்லாம் சாம்பியன், சாம்பியன்னு சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே, ஒரு தடவையாச்சும் ஜெயிச்சிருக்கீங்களா?"

"கிட்டக்க வந்திருக்கேன்."

"எதுக்குக் கிட்டக்க? தென்னமரத்துக்கா?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நாளைக்கு ஜெயிங்க. ஜெயிச்சா ட்ராக் அப்பிடியே இருக்கட்டும், நான் வேற எடம் பாத்துக்கறேன். தோத்தா திங்கக்கெழம டிராக்டர் எறங்கும். ஆனா ஒண்ணு, ஒங்களுக்கு யாராச்சும் வேணும்னே விட்டுக்குடுத்தா அது கணக்குல சேராது. நான் வந்து நின்னு பாப்பேன்."

விஷயம் கிளப் செயலாளர் ஃபஹ்மிதாவுக்குப் போயிற்று. அவர் தஞ்சாவூரில் பல் டாக்டர். அன்று சாயங்காலமே வாட்ஸாப் குரூப்பில் செய்தி போட்டார்: "நாளைக்குக் காத்தான் ஐயா ஜெயிச்சே ஆகணும். யாரும் வேகமாப் போகாதீங்க. விட்டுக்கொடுக்கறது அம்மாவுக்கும் தெரியக் கூடாது, ஐயாவுக்கும் தெரியக் கூடாது." அந்தக் குரூப்பில் நானும் இருக்கிறேன். கட்டைவிரல் போட்டேன்.

குரூப்பில் இல்லாதவர் ஒருவர்தான். வேதாரண்யம் ஜெகபர் அலி பாய், உப்பு வியாபாரம். தினமும் காலை வணக்கமும் ரோஜாப்பூவுமாக வருகிறது என்று போன மாதமே விலகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, காரை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல யாருக்கும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. ராசம்மாள் பக்கத்திலேயே நின்றாள்.

"நம்ம உப்பளத்துல ஓட்டிப் பாத்தேன் காத்தாண்ணே. போற வேகத்துல வண்டி கண்ணுக்கே தெரியல" என்றார் பாய்.

"உப்பும் வெள்ளை, வண்டியும் வெள்ளை. எப்பிடி பாய் தெரியும்?" என்றேன்.

ஃபைனலில் எட்டு வண்டி. ஓட்டாதவர்கள் ஆளுக்கொரு வளைவில் மார்ஷலாக நிற்க வேண்டும். கவிழ்ந்த காரை ரிமோட்டால் நிமிர்த்த முடியாது. மார்ஷல்தான் ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பார். அன்று ஓர் ஆள் குறைந்தது. டிரெய்லருக்கு நேர் எதிரே, தூரத்து வளைவில் நிற்க ஆளில்லை.

"என் நெலத்துல நான் நிக்கிறேன்" என்று ராசம்மாள் ஆரஞ்சு கலர் சட்டையை வாங்கிச் சேலைமேல் மாட்டிக்கொண்டாள்.

"கவுந்தா உடனே நிமுத்தி ட்ராக்ல வெச்சிடணும்மா. யாரு வண்டின்னு பாக்கக் கூடாது" என்றார் ஃபஹ்மிதா.

"பாத்தா மட்டும் தெரியப்போவுதா டாக்டரம்மா? எல்லாம் பெருச்சாளி மாதிரிதானே இருக்கு."

மைக்கைப் பிடித்தவன் அண்ணாதுரை. என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இன்னும் என்னை டிரைவரே என்றுதான் கூப்பிடுவான். அவன் விசில் ஊதியதும் பத்துச் சுற்று ரேஸ் தொடங்கியது.

விட்டுக்கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பின்னால் வர வேண்டுமானால் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். ஒருவர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அறிவித்தார். அவர் வண்டி அதற்கப்புறமும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் வண்டி ரயில்வே கேட்டில் நிற்கிற பஸ் மாதிரி, நான் கடந்து போகும்வரை வளைவில் காத்திருந்தது. ஃபஹ்மிதா ஒரே குழியைத் திரும்பத் திரும்பச் சுற்றினார், சொத்தைப் பல்லைக் குடைகிற மாதிரி.

"டாக்டரம்மா, வழி தெரியலயா?" என்று ராசம்மாள் தூரத்திலிருந்து கத்தினாள். ஃபஹ்மிதா காரை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

பாய் மட்டும் நிஜமாக ஓட்டினார். ஆறாவது சுற்றில் என்னைவிட முக்கால் சுற்று முன்னால் இருந்தார். ஆக, நான் ஜெயிக்க வேண்டியது அவர் ஒருவரைத்தான். அவரை ஜெயித்தால் ராசம்மாளாலும் குறை சொல்ல முடியாது. நான் வேகத்தைக் கூட்டினேன். தூரத்து வளைவில் திரும்பி என்னைப் பார்த்து வர ஆரம்பித்ததுமே கார் வழக்கம்போல் மல்லாந்தது. ராசம்மாளின் காலடியில்.

அவள் மெதுவாக வந்திருக்கலாம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு குனிந்திருந்தால் போதும், ட்ராக் நாற்றங்காலாகியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. கட்டிய நாற்று முடியைப் பிரிக்கிற வேகத்தில் எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டாள். ஆனால் மூக்கு தென்னந்தோப்பைப் பார்க்க, முதுகு என்னைப் பார்க்க வைத்தாள். கார் போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்.

"திருப்பி வெச்சிட்டியே!" என்று கத்தினேன்.

"சரியாத்தான் வெச்சிருக்கேன். நடவுல மூஞ்சி ஒரு பக்கம் பாத்தாலும் பின்னாலதானே போவோம்? வாங்க!"

திருப்ப நேரமில்லை. ரிவர்ஸைப் போட்டேன். கார் முதுகைக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. வலதில் ஒடித்தேன், வலதில் வந்தது. இடதில் ஒடித்தேன், இடதில் வந்தது. கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கார் நான் சொன்னதைக் கேட்டது அப்போதுதான்.

அண்ணாதுரைக்கு வர்ணனை மறந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று தட்டுகிற கை, டிரெய்லர் பலகையைத் தட்ட ஆரம்பித்தது. "வரலாம்... வரலாம்... லைட்டா ரைட்ல ஒடிங்க டிரைவரே... வரலாம், வரலாம்!"

அதற்கப்புறம் எல்லாச் சுற்றும் அப்படித்தான். போகும்போது முன்னால். தூரத்து வளைவில் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தி, பஸ்ஸை பிளாட்பாரத்தில் சொருகுகிற மாதிரிப் பின்னால். ரிவர்ஸில் வேகம் பாதிதான். ஆனால் மல்லாக்கப் படுத்திருக்கிற நேரம் மிச்சமாயிற்றே.

பாய் தன் காரை விட்டுவிட்டு என் காரைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்பதாவது சுற்றில் அவர் வண்டி வளைவை மறந்து நேராகப் போய், இன்னும் தண்ணீர் வந்து சேராத வாய்க்காலில் விழுந்தது. அதையும் ராசம்மாள்தான் ஓடிப்போய்த் தூக்கினாள், அதே வேகத்தில். தூக்கி, மண்ணைத் தட்டி, நடவு முறைப்படியே வைத்தாள். பாய்க்கு ரிவர்ஸ் பழக்கமில்லை. அவர் திருப்பி முடிப்பதற்குள் நான் தாண்டிவிட்டேன்.

கடைசிச் சுற்றில் பாய் விரட்டிக்கொண்டு வந்தார். கோட்டுக்கு முன்னால் இரண்டு காரும் மூக்கோடு மூக்கு உரசின. ஒன்று வந்துகொண்டிருந்தது, மற்றது போகிற பாவனையில் வந்துகொண்டிருந்தது. என் பின்பக்க பம்பர் முதலில் கோட்டைத் தொட்டது.

"இது செல்லாதுண்ணே!" என்றார் பாய். "முதுகக் காட்டிக்கிட்டு வந்து ஜெயிக்கிறதா? எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

ஃபஹ்மிதா போனில் விதிகளைப் படித்தார். வண்டி ட்ராக்கின் திசையில் போக வேண்டும் என்று இருந்தது. மூக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இல்லை. எல்லோரும் ராசம்மாளைப் பார்த்தோம். திங்கட்கிழமை டிராக்டரை இறக்கப்போகிறவள் அவள்தானே.

அவள் ஆரஞ்சு சட்டையைக் கழற்றி மடித்தாள். "பஸ்ஸு ரிவர்ஸ்ல வந்து ஸ்டாண்டுல நின்னாலும், பஸ்ஸு வந்துடிச்சின்னுதானே சொல்றோம்? வண்டி வந்துடிச்சி. பாய் நெசமாத்தான் ஓட்டுனாரு, அதையும் பாத்தேன். ட்ராக் இருக்கட்டும்."

பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விஷயம் முழுதும் அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. "மொதல்லயே சொல்லியிருந்தா நானும் விட்டுக்குடுத்திருப்பேனேண்ணே" என்றார்.

"நல்ல வேளை பாய், பூப்படம் அனுப்புனாங்க" என்றேன்.

ட்ராக் தப்பித்தது. ஊறிய விதை காத்திருக்காது. அண்ணாதுரை வயலில் ஒரு மூலை சும்மா கிடந்தது, ராசம்மாள் அங்கே நாற்று விட்டாள். அங்கிருந்து, ட்ராக்கை அடுத்திருக்கிற எங்கள் நடவு வயலுக்கு இரண்டு வாய்க்கால் தாண்டி வர வேண்டும். டிரெய்லர் போக வழி கிடையாது, வரப்புதான். நாற்று பறிக்கிற அன்று அவள் என்னைப் பார்த்தாள். "ட்ராக்கு வேணும்னீங்கள்ல? தூக்குங்க."

கிளப்புக்குச் செய்தி போட்டேன். பாய்க்கு மட்டும் போன் பண்ணினேன். ஃபைனலில் ஓட்டிய மற்ற ஏழு பேரும் காரோடு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒரு நாற்று முடியைச் சணலால் கட்டி வரப்பில் விட்டோம். பாய் வண்டி இரண்டு முடி இழுத்தது. வாய்க்கால் வந்த இடத்தில் கார்கள் தாமாகவே வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டின. கொக்குகள் உழவு நடக்கிறது என்று நினைத்துக் கடைசி வண்டியின் பின்னாலேயே நடந்து வந்தன. பொழுது சாய்வதற்குள் முழு நாற்றும் போய்ச் சேர்ந்துவிட்டது. நம்பாதவர்கள் அண்ணாதுரை வயலில் அந்த மூலையைப் போய்ப் பார்க்கலாம். அங்கே ஒரு நாற்றுகூட மிச்சமில்லை.