நூற்று எழுபத்தேழு இலக்கம்

காலை நாலரைக்குக் கடையின் கரண்ட் அடுப்பைப் போடுவதற்கு முன், பின்னறையில் ஓடும் என் மனைவி சியூச்சினின் கணினியை அணைப்பது என் வழக்கம். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். தைவானின் தைனான் நகரில் எங்கள் தெரு என் முட்டை ரொட்டியை நம்பித்தான் எழுந்திருக்கிறது. சியூச்சினின் எண்ணை நம்பி யாரும் எழுந்திருப்பதில்லை.

அது நூற்று எழுபத்தேழு இலக்கம் கொண்ட எண். பகா எண் அல்ல, உடைந்தே தீரும் என்று சோதனை சொல்லிவிட்டது. எந்த எண்ணால் வகுபடும் என்று மட்டும் சொல்லவில்லை. திருட்டுப் போனது உறுதி, திருடன் பெயர் தெரியாது என்கிற கதைதான். உலகத்தில் ஒருவரும் பார்க்காத அந்த வகுஎண்ணைத் தான் முதலில் பார்க்க வேண்டும். வங்கி வேலை போனதிலிருந்து அவளுக்கு இருக்கும் ஒரே ஆசை இது. முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யும் பண்டிகை நாளுக்குள் கிடைக்காவிட்டால் கணினியை விற்றுவிட்டு அந்த இடத்தில் உன் மாவு மூட்டையை அடுக்கிக்கொள் என்று அவளே வாக்குக் கொடுத்திருந்தாள். இன்னும் பத்து நாள்.

அன்று பதினொரு மணிக்குக் கடையைக் கட்டிவிட்டு உள்ளே போனால், திரையைப் பார்த்தபடி அழுதுகொண்டிருக்கிறாள்.

"என்னடி, கெடைச்சிருச்சா?"

"நாலு மாசமா ஒரே எடத்தையே தோண்டியிருக்கேன், ஆ-தெங்."

தேடலைத் தொடங்க ஒரு ஆரம்ப எண் கொடுக்க வேண்டுமாம். அதை வைத்துத்தான் கணினி தன் முயற்சிகளை ஒவ்வொன்றாக உண்டாக்கிக்கொள்ளுமாம். சும்மா சோதித்துப் பார்க்க 'ஒன்று' என்று போட்டவள், மாற்ற மறந்துவிட்டாள். நான் தினமும் அணைக்க, அவள் தினமும் முடுக்க, அது தினமும் ஒன்றிலிருந்தே கிளம்பி, நேற்றுத் தோற்ற இடங்களிலேயே இன்றும் தோற்றிருக்கிறது. மறதி அவளுடையது, சுவிட்சை அணைத்த கை என்னுடையது.

"வித்துடு. உன் மூட்டைய கொண்டாந்து போடு," என்றாள்.

எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இரு. இத்தனை நாள் தேடியும் இல்லையேன்னுதானே மூஞ்சியத் தொங்கப் போட்டிருந்த? இப்ப தேடவே இல்லைன்னு ஆயிருச்சே. அப்ப அது பக்கத்துலயே கூட இருக்கலாம்ல?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கலாம். பரவால்லியே, ரொட்டி சுடுற ஆளுக்கும் மூளை வேலை செய்யுது. ஏதாச்சும் ஒரு நம்பர் சொல்லு."

"இன்னைக்கு போன ரொட்டி. இருநூத்திப் பதினேழு."

"ஏழு, முப்பத்தொண்ணு," என்றாள் உடனே. எந்த எண்ணையும் உடைக்காமல் விட மாட்டாள்.

"அடிப்பாவி, அதையும் ஒடைச்சிட்டியா? முழுசாப் போடு."

சிரித்துக்கொண்டே முழுசாகத்தான் போட்டாள்.

மத்தியானம் பரணிலிருந்து பழைய கேஸ் அடுப்பை இறக்கித் தேய்த்தேன். பத்து நாளைப் பற்றி இருவருமே பேசவில்லை. மறுநாள் நாலரைக்குப் பழக்க தோஷத்தில் என் கை சுவிட்சுக்குப் போனது. கணினியின் பச்சை விளக்கு மினுக்மினுக்கென்றது. கையை இழுத்துக்கொண்டு தீப்பெட்டியைத் தேடினேன்.