சுக்கான் பிடிக்க வேகம் வேண்டும்

மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் போய்வந்த பயணிகள் போட்டில் சுக்கான் பிடிக்கும் ஸ்ராங்கு செல்லப்பா. கீழே இன்ஜினை ஓட்டியவன் அவருடைய தங்கையின் கணவன் இசக்கி. தங்கையை அடித்ததற்காக நாலு பேர் முன்னால் அவனைக் கேள்வி கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. செல்லப்பா மேலிருந்து மணியடிப்பார். இசக்கி அதற்கேற்ப வேகம் வைப்பான்.

எழுபத்தெட்டாம் வருட மழைக்காலம். மட்டாஞ்சேரி ஜெட்டிக்குத் திரும்பும்போது காயலின் இழுப்பு போட்டைக் கல்சுவர்ப் பக்கம் தள்ளியது. செல்லப்பா சுக்கானை முழுக்க ஒடித்து, வேகம் கேட்டு மணியடித்தார். இன்ஜின் முனகிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வேகமாகப் பாய்ந்து மோதாமல் சுக்கான் பிடிக்காது. மறுபடி அடித்தார். பெண்கள் அலறினார்கள்.

"எடா இசக்கி, வேகம் வைடா!"

"மாப்ளேன்னு மரியாதையா விளியும்," என்று கீழிருந்து பதில் வந்தது.

சுவர் நெருங்கியது.

"மாப்ளே, வேகம் வைங்க!"

இன்ஜின் உறுமியது. செல்லப்பா சுக்கானைச் சற்றுத் தளர்த்தினார். அது தண்ணீரைப் பிடித்ததும் மறுபடி திருப்பினார். முகப்பு விலகியது. பின்பக்கம் மட்டும் சுவரில் உரசிக்கொண்டு போனது.

ஆட்கள் இறங்கியதும் இசக்கி சிரித்தபடி மேலே வந்தான். "இனி இப்படித்தான் விளிக்கணும், கேட்டீரா?"

"ஆளுகளுக்காவ விளிச்சேன். இன்னிக்கே தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன். ஏலும்னா தடுத்துப் பாருல."

சாயங்காலம் தங்கையின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்லப்பா அவளோடு தெருவில் இறங்கினார். இசக்கி வாசலில் நின்று கத்தினான். வழிமறிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை.