முதல் மணியிலேயே எடுக்கும் மெசின்

மடுமாதா அறிய, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டிச் சொல்வது தலைமன்னாரில் மற்றவர்களின் வேலை.

யுத்தம் முடிந்ததும் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து நான் மட்டும் ஊர் திரும்பினேன். மகள் சுவேதினி வரவில்லை. "நான் பிறந்ததே இங்கதானப்பா. எந்த ஊருக்குத் திரும்பிறது?" என்றாள். "அப்ப உனக்கு அப்பனும் இல்லை" என்று கத்திவிட்டு வந்தேன். பிறகு ஒருமுறை கைத்தொலைபேசியில் கதைத்தோம். அதுவும் சண்டை. தொலைபேசியைக் கடலில் வீசினேன். மூன்றாம் நாள் வலையில் பட்ட பாரைமீனின் வயிற்றுக்குள் மணி அடித்தது. வெட்டி எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

கதைத்தால்தானே சண்டை, எழுதினால் வராது என்று யோசித்தேன். மன்னாரில் கந்தோரை மூடிக்கொண்டு போன ஒரு தொண்டு நிறுவனத்திடம் பழைய ஃபாக்ஸ் மெசின் ஒன்றையும் ஒரு மேசைத் தொலைபேசியையும் வாங்கினேன். மெசினின் இலக்கத்தைக் கடிதத்தில் மகளுக்கு அனுப்பினேன். மன்னிப்பை எழுதவில்லை. அதை அவள் முதலில் எழுதட்டும் என்று விட்டேன்.

மெசினைப் பூட்ட வந்தவன் மின்வேலை செய்கிற மில்ரன். சுவரிலிருந்து வந்த கம்பியை மெசினில் செருகி, அதிலிருந்து இன்னொரு கம்பியைத் தொலைபேசிக்குக் கொடுத்தான்.

"அண்ணை, நாலு தரம் மணி அடிச்சாப்பிறகு மெசின் எடுக்கிற மாதிரி விடுறன். அதுக்குள்ள நீங்கள் எடுத்தால் கதைக்கலாம்."

"கதைக்கிறதுக்கு நான் இதை வாங்கேல்லை. முதல் மணியிலேயே மெசின் எடுக்கட்டும். பிள்ளையின்ர ஒரு தாளும் தவறக்கூடாது."

"ஆராவது கதைக்க எடுத்தால் காது கிழியக் கத்துமே."

"என்னோட கதைக்க ஆர் இருக்கினம்? சொன்னதைச் செய்."

செய்தான்.

மணி அடித்ததும் மெசின் கத்தியது. முதல்நாளே மன்னார்க் கழுதைகள் பதினேழு படலையடியில் வந்து நின்று பதில் சொல்லின. அதில் ஒன்றின் குரலைக் கடிதமென்று எடுத்து, மெசின் முழுக்கக் கறுப்பாய் ஒரு தாள் அடித்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். கழுதையின் கையெழுத்து என்னுடையதைவிடத் திருத்தம்.

சுவேதினியின் தாள் வரவில்லை. கிழமைக்கு ஒரு துண்டு மட்டும் வரும். அதில் ஒரு இந்திய இலக்கமும் எனக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் இரண்டு வரியும் இருக்கும். அவற்றில் மீன் சுற்றினேன். நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் மில்ரனுக்கு மீன் கொடுத்தபோது அவன் துண்டை வாசித்தான். மீனைக் கீழே வைத்தான்.

"அண்ணை, இது ஃபாக்ஸ் இல்லை. ஆரோ கதைக்க எடுத்திருக்கினம். மெசின் கத்தினதால வச்சிட்டினம்."

"எத்தினை தரம்?"

"எத்தினை துண்டில மீன் சுத்தினியளோ, அத்தினை தரம்."

பன்னிரண்டு. பன்னிரண்டு தரமும் அப்பாவின் வீட்டிலிருந்து அவள் காதுக்குள் கத்தல். அதை மெசின் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். நான் முதலும் அப்படித்தான் கத்தினேன்.

அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தோம். முகாமுக்குப் பக்கத்துக் கடை. "அந்தப் பொண்ணு இப்பல்லாம் வர்றதில்லீங்க" என்றார் கடைக்காரர்.

மில்ரன் மெசினைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை மட்டும் விட்டான். அதன் பக்கத்தில் ஒரு கதிரை போட்டேன். பத்து வருடமாகிறது. கடலுக்கும் போவதில்லை. மணி அடித்தால் சொல்லவென்று, "ஓம் பிள்ளை" என்பதை மெதுவாகச் சொல்லப் பழகி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கைக்குத் தொலைபேசிக் கம்பி இன்றுவரை இழுக்கப்படவில்லை. அதுவும் பொய்யில்லை.